சாவி கொடுக்கும் பெட்டி

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறார்கள். கவிதைத் தொகுப்புக்கு எழுதுகிறார்கள். ஓட்டல் சாம்பாருக்கும் எழுதுகிறார்கள். இந்த வாரம் நான் ஒரு பெட்டிக்கு எழுதப்போகிறேன். ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருக்கோடி வீட்டு ஷோகேஸில், மீனாட்சியம்மன் படத்துக்கும் மாத்திரை டப்பாவுக்கும் நடுவில் இரண்டு மாதமாகச் சுற்றிக்கொண்டிருந்த பெட்டி.

வெளியே தோல் மாதிரி மினுக்கும் கறுப்பு ரெக்சின், மேலே கண்ணாடி மூடி, உள்ளே வெல்வெட் தலையணை. தலையணையைக் கட்டிக்கொண்டு ஒரு கைக்கடிகாரம். மோட்டார் தலையணையைச் சுற்ற, கடிகாரமும் கூடவே சுற்றும். வாட்ச் வைண்டர் என்று பெயர். அமெரிக்காவில் இருக்கும் மகன், அப்பாவின் 70-வது பிறந்தநாளுக்கு அனுப்பிய பரிசு.

''வாட்சுக்கு வேலைக்காரன் வெச்சிருக்கோம் சார்'' என்றார் வீட்டுக்காரர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால், குரலில் கொஞ்சம் கூச்சம் இருந்தது.

கடிகாரம், எச்.எம்.டி. காஞ்சன். தங்க நிறம், ஆட்டோமேட்டிக். அவருடைய மாமனார் கல்யாணத்தில் போட்டது. இன்றைய பையன்களுக்கு இதன் மகிமை புரியாது. சீர் வரிசைப் பட்டியலில் ஸ்கூட்டருக்கு அடுத்த வரியில் இந்த வாட்சின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிய காலம் உண்டு. பெங்களூரில் எச்.எம்.டி. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. அதன்பிறகு கால் நூற்றாண்டுக்கு இந்தியாவின் மணிக்கட்டு அவர்களுடையதுதான். ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் எல்லாம் தினம் காலையில் சாவி கொடுக்கவேண்டிய ஜாதி. காஞ்சன் ஒரு படி மேலே. அதற்குச் சாவி கொடுப்பது உங்கள் கை. நீங்கள் நடக்க, எழுத, வாளி தூக்க, பஸ்ஸில் தொங்க, உள்ளே இருக்கும் ஓர் அரைவட்டத் தகடு தானாகச் சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கிக்கொள்ளும்.

இந்த யோசனை பழசு. 18-ஆம் நூற்றாண்டிலேயே பாக்கெட் கடிகாரத்தில் முயன்று பார்த்திருக்கிறார்கள். கோட்டுப் பையில் தூங்குகிற கடிகாரம் அவ்வளவாக ஆடுவதில்லை என்பதால், அது பெரிதாக எடுபடவில்லை. கடிகாரம் பையிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறிய பிறகுதான் யோசனைக்கு யோகம் அடித்தது. ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேய வாட்ச் ரிப்பேர்காரர், சாவி நுழையும் ஓட்டை வழியாகத்தான் தூசியும் ஈரமும் போகின்றன என்று பார்த்துவிட்டு, சாவியே வேண்டாத கைக்கடிகாரம் செய்தார். 1924-ல் ஸ்விட்சர்லாந்தில் காப்புரிமை கிடைத்தது. அவருடையதில் தகடு கொஞ்சதூரம் போய் முட்டித் திரும்பும். முழு வட்டமாகச் சுழலும் தகட்டை 1931-ல் ரோலக்ஸ் கொண்டுவந்தது. அதே 1931-ல்தான் நம் பீச் - தாம்பரம் மின்சார ரயிலும் ஓட ஆரம்பித்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பின்னால் சொல்கிறேன்.

விஷயம் என்னவென்றால், நம்மவரின் காஞ்சன் ஒரு வருஷமாக நின்று நின்று போனது. ராத்திரி கழற்றி வைத்தால் விடிகாலை மூன்று, நாலு மணிக்குள் நின்றுவிடும். காலையில் உதறி, ரேடியோ பார்த்து மணி வைப்பார். மறுநாளும் அதே கதை. இதை மகனிடம் வீடியோ காலில் சொல்லியிருக்கிறார். மகனுக்கு இன்ஜினீயர் மூளை. பிரச்னைக்குப் பெட்டி அனுப்பிவிட்டான்.

பெட்டி வேலை செய்ததா? செய்தது. காஞ்சன் நிற்கவே இல்லை.

அப்புறம் விமர்சனம் எதற்கு? பெட்டியோடு வந்த விளம்பரத் தாளைப் படித்தேன். அங்கேதான் வம்பு.

தாள் சொல்லும் முதல் காரணம், 'ஓடாத வாட்சில் எண்ணெய் இறுகிவிடும்.' தாத்தா காலத்தில் இது நிஜம். அன்றைக்கு வாட்சுக்குப் போட்டது பிராணிகளிடமிருந்து எடுத்த எண்ணெய். டால்பின் ஜாதிக் கடல்பிராணியின் தாடை எண்ணெய்க்குக் கிராக்கி இருந்தது. அது நாள்பட்டால் தடிக்கும், பிசுக்காகும். இன்றைக்கு நல்ல கடையில் போடுவது செயற்கை எண்ணெய். அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் தன் வயசுக்குத்தான் கெடும். நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை பிரித்துக் கழுவி எண்ணெய் போடவேண்டியதுதான். சுற்றிக்கொண்டே இருந்தால் சர்வீஸ் வேண்டாம் என்பது, தினம் ஓட்டுகிற ஸ்கூட்டருக்கு ஆயில் மாற்ற வேண்டாம் என்பதுபோல.

இரண்டாவது, 'வாட்சின் ஆயுள் கூடும்.' ஒரு சின்னக் கணக்கு. நிமிஷத்துக்கு 360 தரம் துடிக்கும் சாதாரண வாட்ச், ஒரு நாளைக்கு 5,18,400 தரம் துடிக்கும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் கட்டுகிற வாட்சை மிச்ச ஆறு நாளும் பெட்டியில் போட்டு ஓடவிட்டால், யாரும் மணி பார்க்காத 31 லட்சம் துடிப்பு. ஒவ்வொன்றிலும் சக்கரப் பல் ஒன்று கல்லில் மோதி நழுவுகிறது. அதனால் வாட்ச் உடனே செத்துவிடாது. துடிப்பதற்காகவே செய்த சாமான்தான், பயமுறுத்த வேண்டியதில்லை. ஆனால், ராத்திரி முழுக்க ஷெட்டில் ஸ்டாண்டு போட்டு இன்ஜினை ஓடவிட்டால் ஸ்கூட்டரின் ஆயுள் கூடும் என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

எச்.எம்.டி. மாதிரி வாட்சுக்கு இது இன்னும் உறைக்கும். எச்.எம்.டி. வாட்சஸ் கம்பெனியை மூட மத்திய அரசு 2016 ஜனவரியில் முடிவெடுத்தது. பழைய மாடல்களுக்கு உள் சாமான் வேண்டுமென்றால், பழைய ஸ்டாக்கில் தேடவேண்டும். இல்லையேல் செத்த வாட்சிலிருந்து உறுப்பு தானம்தான். தேய்ந்தால் வாங்கிப்போடலாம் என்கிற தைரியம் இதற்கு இல்லை.

மூன்றாவது, 'எப்போது எடுத்தாலும் தேதியும் மணியும் சரியாக இருக்கும்.' இதில் நியாயம் உண்டு, யாருக்கு என்பதுதான் கேள்வி. பர்பெச்சுவல் காலண்டர் என்று ஒரு வகை இருக்கிறது. லீப் வருஷம்வரை ஞாபகம் வைத்துக்கொண்டு, 2100 வரைக்கும் தேதி பிசகாது. அது நின்றுவிட்டால் தேதி, மாதம், சந்திரன் எல்லாவற்றையும் திரும்ப வைப்பது பெரிய தலைவலி. அதை வைத்திருப்பவர் வைண்டர் வாங்கலாம். விலை பல லட்சங்களில். அவர் இந்தப் பத்தியைப் படிக்க மாட்டார். அடுத்து, தண்ணீர் போகாமல் இருக்கச் சாவியைத் திருகாணிபோல் இறுக்கும் டைவர் வாட்சுகள். அடிக்கடி திருகித் திறந்தால் மரை தேயும். நாலைந்து டைவர் வாட்சை மாற்றி மாற்றிக் கட்டுகிறவருக்கும் பெட்டியில் அர்த்தம் இருக்கிறது. மற்ற எல்லோருக்கும் மணி வைக்க ஒரு நிமிஷம் போதும். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: முள் இரவு 9-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கும்போது தேதியை மாற்றாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் பல்லைக் கோத்துக்கொண்டிருக்கும். மாற்றினால் பல் முறியலாம். முள்ளை 6-க்குக் கொண்டுபோய்விட்டு மாற்றுங்கள்.

நான்காவது, 'சத்தமே வராது.' அவர் மனைவியைக் கேட்டேன். ''ராத்திரி ஹால்ல யாரோ குறட்டை விடற மாதிரி இருக்கு'' என்றார்.

அடுத்து சோதனை. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிஷத்துக்கு எட்டு சுற்று. ஸ்விட்ச் என்று ஒன்றுதான் இருந்தது, நடுவில் ஓய்வே இல்லை. மணிக்கு 480, நாளைக்கு 11,520. சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கு ஒரு நாளைக்கு 650-லிருந்து 800 சுற்று போதும் என்பது பொதுக் கணக்கு. 650 என்று வைத்தாலும் கிட்டத்தட்ட 18 மடங்கு ஓவர்.

ஸ்பிரிங் அறுந்துவிடாதா? அறாது. ஆட்டோமேட்டிக்கில் மெயின் ஸ்பிரிங்கின் வெளி நுனியைக் கெட்டியாக மாட்டுவதில்லை. முழுசாக ஏறியதும் அது உருளையின் சுவரில் வழுக்கிவிடும். இலை நிறைந்தும் பந்தியிலிருந்து எழுந்திருக்க விடாத மாமியார் வீட்டுக்கு எதிராகப் படைக்கப்பட்ட ஏற்பாடு. ஆனால், வழுக்குவதும் உராய்வுதான். அந்தச் சுவரில் தடவிய கிரீஸ் கரையும். தகட்டின் பேரிங்கும், அதை ஸ்பிரிங்கோடு இணைக்கிற சின்னச் சக்கரங்களும் வேலையில்லாத வேலை செய்து தேயும்.

இன்னொரு சோதனைக்கு, ஸ்கூல் பையனின் காம்பஸ் டப்பாவிலிருந்து அல்ல, ட்ரெக்கிங் போகிற மருமகனிடமிருந்து ஒரு திசைகாட்டி வாங்கினேன். தலையணைப் பக்கத்தில் கொண்டுபோனதும் வடக்கு, வண்டலூர் பக்கத்திலிருந்து கூடுவாஞ்சேரி பக்கம் திரும்பிவிட்டது. மோட்டாரின் காந்தம். ஹேர் ஸ்பிரிங்குக்குக் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வாட்ச் தலைதெறிக்க ஓடும். நல்ல பெட்டியில் மோட்டாரைத் தள்ளி வைத்திருப்பார்கள், காந்தத்தை மறைக்க உலோகத் தடுப்பும் இருக்கும்.

இதையெல்லாம் சொன்னதும் அவர் பயந்துபோனார். வாட்சை எடுத்துக்கொண்டு இருவருமாகத் தாம்பரத்தில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனோம். மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் கடை. அவர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு திறந்து பார்த்தார். முதலில் காந்தம் எடுத்தார், அதற்கென்று ஒரு சின்ன மின்சாரச் சாதனம் வைத்திருக்கிறார். ''நாலு நாள் விட்டுட்டுப் போங்க'' என்றார்.

நாலு நாள் கழித்துப் போனோம்.

''வாட்சுல ஒண்ணும் இல்ல சார். ரெண்டு நாள் என் கையிலயே கட்டிப் பாத்தேன். அப்புறம் கழட்டி டேபிள்ல வெச்சேன். 40 மணி நேரம் ஓடிச்சு. புதுசுலயே அவ்வளவுதான் ஓடும்.''

''வீட்ல நிக்குதே?''

''நான் டெய்லி செங்கல்பட்டுலேர்ந்து ட்ரெயின்ல வர்றேன்'' என்றார் அவர். லென்ஸைக் கழற்றி எங்கள் நண்பரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். ''சார் ரிட்டையர் ஆயிட்டீங்களா? வாட்ச் நல்லாத்தான் இருக்கு. கைதான் ஆடலை.''

திரும்பி வரும்போது ரயிலில் அவர் பேசவே இல்லை. ஊரப்பாக்கம் நெருங்கும்போது கணக்குச் சொன்னார். 31 வருஷம் இதே லைனில் ஆபீஸ் போயிருக்கிறார். காலையில் ஸ்டேஷனுக்கு நடை, கம்பியைப் பிடித்துத் தொங்கி பீச்வரை, மாலையில் மறுபடி. அந்தக் கம்பியைப் பிடித்த கைதான் காஞ்சனுக்குச் சாவி கொடுத்தது. 1931-ன் இரண்டு சமாசாரங்களுக்கும் சம்பந்தம் இதுதான். ரிட்டையரானார். முதல் சில வருஷம் காய்கறி, ரேஷன், பாங்க். பிறகு முழங்கால் வலி. பிறகு காய்கறி போன் பண்ணினால் வந்தது, பாங்க் போனுக்குள்ளேயே வந்தது. ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டவே பயம் என்றார். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததை டி.வி.யில்தான் பார்த்தாராம். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நேரில் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. போன வருஷம் பூரா நாற்காலி, டி.வி., கட்டில்.

அதைக் கண்டுபிடித்து முதலில் சொன்னது டாக்டர் இல்லை, மகன் இல்லை, நான் இல்லை. காஞ்சன். தினம் விடிகாலை மூன்று மணிக்கு நின்று, நேற்று நீ அசையவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. நாம் அதை வாட்சின் ரிப்பேர் என்று படித்தோம். பெட்டி வந்ததும் அந்தப் புகாரும் நின்றது. வாட்ச் ஜோராக ஓடியது, அவர் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டார். எழுந்து போய் வாட்சை உதறுகிற வேலைகூட மிச்சம்.

அந்தப் பெட்டி மேல் எனக்குள்ள பெரிய குற்றச்சாட்டு இதுதான். 18 மடங்கு சுற்று, காந்தம், குறட்டை எல்லாம் நல்ல பெட்டி வாங்கினால் தீரும். ஜுரம் காட்டிய தெர்மாமீட்டரை ஃப்ரிட்ஜில் வைத்து 98.4 ஆக்குவதை எந்த நல்ல பெட்டியும் தீர்க்காது. ஒரே ஒரு வாட்ச் வைத்திருந்து, அதை தினமும் கட்டுகிறவருக்கு வைண்டர் வேண்டியதே இல்லை. கட்டியும் நிற்கிறது என்றால் இரண்டே காரணம். வாட்சை ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள். அது சரியாக இருந்தால், உங்களை டாக்டரிடம் காட்டுங்கள்.

வாங்கியே தீருவேன் என்கிறவர்களுக்குச் சில யோசனைகள்.

ஒன்று, ஒரு நாளைக்கு இத்தனை சுற்று என்று வைக்கிற வசதி இருக்கவேண்டும். சில நிமிஷம் சுற்றி, பிறகு நன்றாக ஓய்வெடுக்க வேண்டும். 650-ல் ஆரம்பியுங்கள். இரண்டு நாளில் வாட்ச் நின்றால் கொஞ்சம் கூட்டுங்கள். நிற்காத மிகக் குறைந்த எண்தான் உங்கள் எண்.

இரண்டு, திசை. சீக்கோவின் மேஜிக் லீவர் வகை, ஸ்விஸ் இ.டி.ஏ. 2824 போன்றவை எந்தப் பக்கம் சுற்றினாலும் ஏறும். சிட்டிசனின் 8200 வரிசை, ஸ்விஸ் 7750 இயந்திரம் போன்றவை ஒரு பக்கம் சுற்றினால்தான் ஏறும். மறுபக்கம் சும்மா காற்றாடி. தப்பான திசையில் வைத்தால் நாள் பூராவும் சுற்றியும் பட்டினிதான். திசை மாற்றும் ஸ்விட்ச் இல்லாத பெட்டி வேண்டாம்.

மூன்று, கடையிலேயே திசைகாட்டியால் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்ப்பார். பார்க்கட்டும்.

நான்கு, தலையணை. பெரிதாக இருந்தால் செயின் இழுபடும். சின்னதாக இருந்தால் தலையணை சுற்றும், வாட்ச் சுற்றாமல் தொங்கும்.

ஐந்து, ஸ்ட்ராப்பில் வேர்வையோடு பெட்டியில் போட்டு மூடாதீர்கள். நம் ஊர் புழுக்கத்துக்கு அது பூஞ்சைப் பண்ணை. துடைத்து, ஆறவிட்டு வையுங்கள்.

ஆறு, இந்த ஐந்தையும் படித்து அலுத்தவர்கள் வாட்சை டிராயரில் வைத்துவிடுங்கள். நின்றால் நிற்கட்டும். நின்ற வாட்ச் தேயாது. வேண்டும்போது எடுத்து, சாவி திருகும் வசதி இருந்தால் இருபது முப்பது தரம் மெதுவாகத் திருகுங்கள். சீக்கோ 7எஸ்26 மாதிரி அந்த வசதி இல்லாததென்றால் பக்கவாட்டில் மெல்ல ஆட்டிவிட்டுக் கட்டிக்கொள்ளுங்கள். மிச்சத்தை உங்கள் கை பார்த்துக்கொள்ளும்.

நண்பரின் வீட்டில் பெட்டி இப்போது சுற்றுவதில்லை. அவர் மனைவி அதில் தன் மூக்குக்கண்ணாடியை வைத்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும், மகன் வீடியோ காலில் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால், கண்ணாடியை எடுத்துவிட்டு வாட்சை வைத்து ஸ்விட்சைப் போடுகிறார்கள்.

''அவன்கிட்ட சொல்லிடாதீங்க சார். ஆசையா அனுப்பினான்'' என்றார்.

சொல்லியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்பா நடக்கவில்லை என்பது மகனுக்கும் தெரியவேண்டிய செய்திதான். ஆனால், அதை நான் சொல்லக்கூடாது, காஞ்சனும் சொல்ல முடியாது.

முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கியிருக்கிறார். சாயங்காலம் ஸ்டேஷன்வரை நடக்கிறார். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு மூன்று வண்டியை அனுப்பிவைத்துவிட்டுத் திரும்புகிறார். போன வாரம் வழியில் பார்த்தேன். வலது கையில் பையும் இடது கையில் காஞ்சனுமாக வந்துகொண்டிருந்தார்.

''வாட்ச் எப்படி இருக்கு?''

''நாலு நாளா நிக்கலை. முந்தாநேத்து மழை, வெளியில போகலை. கரெக்டா விடிகாலை அஞ்சு மணிக்கு நின்னுடுச்சு.''

முன்பு மூன்று மணி. இப்போது ஐந்து.